உயிருடன் உள்ள குழந்தைகள்: இரண்டு

ஜூன் 11, ஞாயிறு

கம்பெனி கொடுத்த டைரி இது. எந்தக் கட்டிடத்து லிப்டில் என்ன கோளாறு, எப்போது சரியானது என்று எழுதத்தான் கொடுத்தார்கள். ஆறு மாதமாக அதைத்தான் எழுதினேன். இன்று ஒரு லிப்டையும் தொடவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒண்டிப்புதூர் போய், வினோதினியின் அப்பாவிடம் பெண் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நாச்சிமுத்து என்று பெயர். மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே பெண். அவரை மாமா என்பதா ஐயா என்பதா என்று தெரியாமல் ஒரு மணி நேரம் ‘ஏனுங்க’ என்றே ஓட்டினேன்.

“பொண்ணு கேக்கறவன் பெரியவிங்க நாலு பேரக் கூட்டீட்டு வருவான். நீ ஹெல்மெட்ட மட்டும் கூட்டீட்டு வந்திருக்கற” என்றார்.

“அம்மாகிட்ட இன்னும் சொல்லலீங்க. நீங்க சரின்னா சொல்லிக்கலாமுன்னுதான்.”

“என்ற பொண்ணப் பத்தி எல்லாம் தெரியுமா?”

தெரியும். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. சின்ன வயதிலேயே அடைத்திருக்க வேண்டும். கண்டுபிடித்தபோது பதினெட்டு வயது, இனிமேல் அடைக்க முடியாது என்றுவிட்டார்கள். மாத்திரையில் ஓடுகிறது. வேகமாக நடந்தால் உதடு நீலமாகும். குழந்தை மட்டும் கூடவே கூடாது, உண்டானால் தாய் பிழைக்க மாட்டாள் என்று பெரிய டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். கருத்தடை மாத்திரையும் அவளுக்கு ஆகாது, ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. மொத்தத்தையும் அவரிடம் ஒப்பித்தேன்.

“அப்பறம் என்ன தைரியத்துல வந்த?”

“கொழந்தை வேண்டாமுங்க. அவ இருந்தாப் போதும்.”

“கட்டற வரைக்கும் எல்லா ஆம்பளையும் அப்பிடித்தான் சொல்லுவான். ஒரு நாள் அசந்தாப் போச்சு, என்ற புள்ள போயிருவா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ குடும்பக் கட்டுப்பாடு பண்ணீட்டு வா. பண்ணுன காயிதத்தக் கொண்டாந்து இந்த மேச மேல வை. அன்னிக்கே தேதி குறிச்சரலாம்.”

“சரீங்க” என்றேன். மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிச் சட்டென்று சரி என்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வினோ காபி கொண்டுவந்தாள். பாதி வழியில் நின்று காலண்டரைப் பார்த்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். டம்ளர் நிறைய ஊற்றியிருந்தாள், தளும்பாமல் வர வேண்டுமே.

கேட் வரை வந்தாள். “நீ எதுக்கு சரின்னு சொன்ன? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் நேசா. ஞாயித்துக்கிழமையானா வந்து உக்காரு. அது போதும்.”

வந்து உட்காருவதற்கா சிவநேசன் பெண் கேட்டான்? இவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஜூன் 12

காந்திபுரம் ஜவுளிக்கடை. கதவு சென்சார். முடிந்தது.

ஜூன் 24

தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் என் வயதைக் கேட்டார், இருபத்தேழு என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார், இல்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“தம்பி, மொதல்ல கல்யாணம் பண்ணுங்க. ரெண்டு பெத்துக்குங்க. அப்பறம் வாங்க, பத்து நிமிஷ வேலை.”

வினோவின் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். இரண்டு பக்கம் படித்தார். முகம் மாறியது. இப்போது சரி என்பார் என்று நினைத்தேன்.

“நாளைக்கு இந்தப் பொண்ணு இல்லேன்னு வைங்க. நீங்க வேற கல்யாணம் பண்ணுவீங்க. அந்தப் பொண்ணு வந்து என் சட்டையைப் பிடிப்பா.”

எனக்கு வந்ததே கோபம். இல்லாத ஒருத்தி வந்து சட்டையைப் பிடிப்பாள் என்று பயப்படுகிறார். இருக்கிறவளைப் பற்றி அந்த ஆளுக்குக் கவலை இல்லை. “நீங்க வைக்காதீங்க அப்பிடியெல்லாம்” என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கட்டிடத்து லிப்ட் வேறு எங்கள் கம்பெனி லிப்ட். மறுபடி அங்கே போகத்தான் வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

அரசு ஆஸ்பத்திரிக்குப் போன புதன்கிழமை போனேன். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார், தன்மையாகத்தான் பேசினார். விதிப்படி கல்யாணம் ஆகியிருக்க வேண்டுமாம், ஒரு குழந்தையாவது இருக்க வேண்டுமாம்.

“கொழந்த பொறந்தா அவ செத்துருவாளுங்க. அதுக்குத்தான் வந்திருக்கறனுங்க.”

“புரியுது தம்பி. ஆனா ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லையே” என்றார்.

இன்று ஈரோட்டில் ஒரு டாக்டர் செய்வார் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போனேன். அவர் ஊரிலேயே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது வினோ கூப்பிட்டாள். நாலாவது ஞாயிறும் நான் போகவில்லையாம். எண்ணிக்கொண்டிருக்கிறாள்! உனக்காகத்தானே அலைகிறேன் என்று கத்திவிட்டேன். பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாள். பஸ்ஸில் சிக்னல் சரியில்லை.

ஜூலை 30

இன்று ஆர்.எஸ்.புரம் கட்டிடத்துக்குப் போனேன். அங்கேதான் அவளை முதலில் பார்த்தேன். போன வருஷம் லிப்ட் நின்றுபோய் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் படியில் ஒருத்தி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை.

“மேல போகோணுமுன்னா போங்க, எனக்கு நேரமாகும்” என்றேன்.

“நீங்க சரி பண்ற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன். எத்தன நேரமானாலும்” என்றாள்.

கூடிப் போனால் அரை மணி நேர வேலை. இரண்டு மணி நேரம் இழுத்தேன்.

அது நாலு பேர் ஏறும் சின்ன லிப்ட். பழகிய பிறகு ஒரு நாள் உள்ளே ஒட்டியிருந்த பலகையைக் காட்டி, “நாம ரெண்டு பேரு. இன்னும் ரெண்டு பேருக்கு எடமிருக்குது பாரு” என்றாள். மூன்றாவது மாடி வருவதற்குள் இரண்டு பெயரும் வைத்துவிட்டாள். பெரியவள் மகிழினி, சின்னவன் ஆதன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கதவு திறந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணத்தை முடித்துவிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றேன் வினோவிடம். போனில்தான்.

“அப்பாவுக்குத் தெரியாம ஒரு காயிதத்துலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எனக்காக ரெண்டு ஷிப்டு பாத்த மனுஷன். அப்பிடியே போட்டாலும் உன்ற கெவருமெண்ட்டு ஒரு கொழந்த கேக்குமே, அதுக்கு என்ன பண்ணுவ?”

அதுவும் சரிதான். ஆபரேஷன் ஆனால்தான் கல்யாணம் என்கிறார் அப்பா. கல்யாணம் ஆகி ஒன்று பெற்றால்தான் ஆபரேஷன் என்கிறது அரசாங்கம். மேலே போகிற லிப்டும் கீழே போகிற லிப்டும் கதவைத் திறக்கவில்லை, நான் நடுவில் நின்று பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

போனேன். அரை மணி நேரம் இருந்தேன். வேலையை விட்டுவிட்டாளாம். நல்லதுதான், ஓய்வு கிடைக்கும். கட்டிலை முன்னறைக்கு மாற்றியிருக்கிறார்கள், அங்கே காற்று வருமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். சத்தம் அதிகம். பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தேன், எர்த் லூசாக இருந்தது. முறுக்கி விட்டேன்.

“வந்ததுல இருந்து செவுத்தையே பாக்கற. என்னையப் பாரு” என்றாள்.

நாலு மணிக்கு மனநல டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன். நான் தெளிவான மனநிலையில் இருக்கிறேன் என்று அவர் எழுதிக்கொடுத்தால் இன்னோர் ஆஸ்பத்திரியில் யோசிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். கிளம்பினேன். நாச்சிமுத்து வாசல் வரை வந்து என்னமோ சொல்ல வாயெடுத்தார். “வண்டி பாத்து ஓட்டு” என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பர் 29

டாக்டர் கடிதம் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரி யோசித்து, முடியாது என்றுவிட்டது.

அக்டோபர் 23, ஆயுத பூஜை

ஒன்பது கட்டிடத்தில் பூஜை. ஒன்பது மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம். வினோ காலையில் கூப்பிட்டு, பொரி கொண்டு வருவியா என்றாள். முடிந்தால் என்றேன். முடியவில்லை.

ஆனால் ஒரு காரியம் நடந்தது. எங்கள் சிங்காநல்லூரில் ஓர் அடுக்குமாடியில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்று, உள்ளே ஓர் அம்மா மாட்டிக்கொண்டார். மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை இறக்கி, கதவைத் திறந்தேன். ரெஜினா அக்கா, எங்கள் பகுதிக்குச் சுகாதாரச் செவிலியர். தண்ணீர் குடித்துவிட்டுப் புலம்பினார். அடுத்த மாதம் ஆண்களுக்கான கருத்தடை முகாம், ஒரே ஒரு ஆம்பளையாவது கூட்டி வா என்று மேலே இருந்து குடைகிறார்களாம். “ஒருத்தனும் வர மாட்டேங்கறான் தம்பி. பொண்டாட்டிய அறுக்கச் சொல்லீட்டு இவனுங்க டீ குடிக்கப் போயிடறானுங்க.”

“நான் வர்றனுங்கக்கா.”

“நிஜமாவா? எத்தன கொழந்தைங்க?”

ஒரு நொடிதான். “ரெண்டு” என்றேன்.

நவம்பர் 29, புதன்

முடிந்தது.

ஃபாரத்தை நானே நிரப்பினேன். மனைவி பெயர்: வினோதினி. வங்கிக் கணக்கு விஷயமாக எப்போதோ அவள் கொடுத்த ஆதார் நகல் என்னிடம் இருந்தது. “பொறந்த வீட்டு அட்ரஸ்லயே இருக்குது, மாத்துங்க தம்பி” என்றார் ரெஜினா அக்கா. அடுத்த கட்டம், உயிருடன் உள்ள குழந்தைகள். இரண்டு என்று எழுதினேன். அதற்குக் கீழே பெயர், வயது. மகிழினி, 4. ஆதன், 2. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

“நம்ம ஏரியா ரெஜிஸ்டர்ல உங்க குடும்பத்தையே காணோமே. நானே ஏத்திடறேன்” என்று பெரிய நோட்டில் எழுதிக்கொண்டார். பாவம், அவர்மேல் தப்பில்லை. பொய் முழுக்க என்னுடையது.

ஊசி போட்டபோதுதான் வலித்தது. மற்றது கால் மணி நேரம். இவ்வளவுதானா, இதற்கா ஐந்து மாதம் நாயாய் அலைந்தேன் என்று சிரிப்பு வந்தது. மூன்று மாதம் ஜாக்கிரதை, அதற்கப்புறம் ஒரு டெஸ்ட், பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் ஃபாரத்தின் நகலும் கொடுத்தார்கள். முகாமில் போனை அணைத்து வைத்திருந்தேன். போட்டால் வினோவிடமிருந்து ஐந்து அழைப்பு. திருப்பிக் கூப்பிடவில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் குடலிறக்கம் என்று சொன்னேன். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். “உனக்கொரு கல்யாணத்தப் பண்ணீட்டா, இதெல்லாம் வர்றவ பாத்துக்குவா” என்றாள்.

டிசம்பர் 1, வெள்ளி

காகிதத்தை மேஜைமேல் வைத்தேன்.

அப்படித்தான் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேஜையில் இடமே இல்லை. மருந்து, மாஸ்க், எச்சில் கிண்ணம். வினோ தலையணை அடுக்கி உட்கார்ந்தபடியே இருந்தாள், படுக்க முடியவில்லையாம். கால் வீங்கியிருந்தது. சீட்டையும் ஃபாரத்தின் நகலையும் அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

“மகிழினிக்கு நாலு வயசாயிருச்சா? ஸ்கூல்ல சேத்தியாச்சா நேசா?”

“எல்.கே.ஜி.”

“ஆதன் யாராட்டம்?”

“உன்னையாட்டம். சொன்ன பேச்சு கேக்கறதில்ல.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. மாஸ்கை வைத்துவிட்டேன். மாஸ்குக்குள்ளிருந்து, “கெவருமெண்ட்டே கண்ணாலம் பண்ணி வெச்சிருச்சு பாரு” என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், “இருபத்தஞ்சு ஞாயித்துக்கிழம. நீ வந்தது மூணு.”

நாச்சிமுத்து சீட்டை வாங்கிப் போய் வாசல் வெளிச்சத்தில் படித்தார். நானும் பின்னால் போனேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். என் பொண்ணு பேரை எப்படி எழுதலாம் என்று கேட்பார், பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.

“பண்ணீட்டயா?” என்றார். “நெசமாவே பண்ணீட்டயா தம்பி?”

“நீங்கதான சொன்னீங்க.”

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “நீ பொண்ணு கேட்டு வந்தயே, அதுக்கு முந்துன வாரந்தான் டாக்டரு சொன்னாரு. வருசம் தாண்டறது கஷ்டமுன்னு. அவளுக்கும் தெரியும். சின்னப் பையன், இவளக் கட்டீட்டு ஆறு மாசத்துல ஒத்தையா நிக்கோணுமான்னு நெனச்சேன். ஆபரேசன்னு சொன்னா நீ பயந்துட்டு ஓடிருவேன்னு நெனச்சேன். எவனும் பண்ண மாட்டானுங்கற நம்பிக்கைலதான் சாமி சொன்னேன்.”

வீட்டுக்குள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“தேதி குறிக்கலாமுங்களா?” என்றேன்.

“எந்தத் தேதியக் குறிக்கறது?” என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

டிசம்பர் 3, ஞாயிறு

போய் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

போய் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில். நான் வாயை மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அது போதும் என்று ஜூன் மாதமே சொன்னாள். எனக்குக் காது இருந்ததே தவிரக் கேட்கவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

வேலையில் இருந்தபோது நாச்சிமுத்து கூப்பிட்டார். “வா” என்று மட்டும் சொன்னார். கம்பெனிச் சட்டையோடு ஓடினேன். கீழே செக்யூரிட்டி நிறுத்தி, “லிப்ட் சர்வீஸா? வாங்க வாங்க. மூணாவது மாடில கதவு மூட மாட்டேங்குது, காலைல இருந்து கூப்பிடறோம்” என்றான்.

இல்லை என்று சொல்லலாம். நான் யார் என்று கேட்டால் என்ன சொல்வேன்? மூன்றாவது மாடிதான் அவள் இருந்த மாடி. கதவைப் பார்த்தேன். சென்சாரில் பஞ்சு ஒட்டியிருந்தது. எடுத்துத் துடைத்தேன். மூடியது, திறந்தது. உள்ளே போனேன். எல்லாம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

காகிதத்தில் நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டார். “கூட இருக்கறவர் யாரு?” என்று நர்ஸ் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். “எங்கூட்டு ஆளுங்க” என்றார்.

நான் சரிசெய்த லிப்டில்தான் அவளைக் கீழே கொண்டுபோனோம். நாலு பேருக்கு மேலேயே இடம் இருந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

ஒண்டிப்புதூர். மாமாவோடு போய் உட்கார்ந்தேன். மிஷினை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 29

மூன்று மாத டெஸ்ட். நான் மறந்தே போனேன், ரெஜினா அக்கா போன் செய்து வரச் சொன்னார். விந்தணு இல்லை என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள். “இனிமே வீட்ல ஒரு கவலையும் இல்ல” என்று டாக்டர் கை கொடுத்தார். தேங்க்ஸ் என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

காலை எட்டரை. ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மாதான் கதவைத் திறந்தாள். ரெஜினா அக்கா தோளில் மருந்துப் பெட்டியோடு நின்றார்.

“தம்பி, ஞாயித்துக்கிழம போலியோ சொட்டு மருந்துக்குக் கொழந்தைங்கள ஏன் கூட்டீட்டு வரல? இந்தத் தெருவுல உங்க வீடு மட்டுந்தான் பாக்கி.” நோட்டைப் பிரித்து வாசித்தார். “மகிழினி, நாலு வயசு. ஆதன், ரெண்டு வயசு. எங்க, கூப்பிடுங்க.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “யாருடா இந்தக் கொழந்தைங்க?” என்று அடிக்குரலில் கேட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அப்படி யாரும் இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. இந்த உலகத்தில் அந்த நோட்டில் மட்டும்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

“அவங்க அம்மாகூட இருக்காங்கக்கா.”

“ஊருக்குப் போயிருக்காங்களா? எப்ப வருவாங்க?”

“சொல்லலீங்க.”

“அஞ்சு வயசு வரைக்கும் விடக்கூடாது தம்பி. வந்ததும் ஒரு போன் போடுங்க, நானே வந்து ஊத்தீட்டுப் போறேன்.” சாக்பீஸை எடுத்து எங்கள் வாசல் சுவரில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 2 என்று எழுதினார். மருந்து கொடுக்கக் குழந்தைகள் பாக்கி இருக்கிற வீட்டுக்கு அந்தக் குறி.

அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன். தரையில் உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படியில் உட்கார்ந்திருந்தவளிலிருந்து டெஸ்ட் வரைக்கும். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம், “பேரு என்ன சொன்னாங்க? இன்னொருக்கா சொல்லு” என்றாள்.

சொன்னேன்.

மார்ச் 6

பீளமேட்டில் ஒரு கம்ப்ளெய்ன்ட், ஓவர்லோடு. போக வேண்டும். அம்மா வழக்கம்போல் வாசல் கழுவினாள். சாக்பீஸ் குறி இருந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படாமல், கையை வைத்து மறைத்துக்கொண்டு கழுவினாள்.